நீதவானின் நாலாவது பிள்ளை

போன மாதம் கமீய் தொலைபேசி எடுத்தாள். நான் இருபத்தாறு வருடம் வேலை செய்த கந்தோரில் இப்போது என் மேசையில் இருப்பவள் அவள். பழைய ஜெர்மன் கையெழுத்தை வாசிக்கிற மென்பொருள் ஒன்றை வாங்கியிருக்கிறார்களாம். நான் ஒரு பகல் முழுக்கக் கண்ணைக் கசக்கி வாசித்த பக்கத்தை அது ஒரு மிடறு கோப்பி குடிப்பதற்குள் வாசித்துவிடுகிறதாம். அதைச் சோதித்துப் பார்க்க நிலவறையிலிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்திருக்கிறாள். மேலட்டையில் என் கையெழுத்து.

"இயந்திரம் பக்கத்தை வாசிக்கிறது, மேடம் ரெஜினா. ஆனால் எந்த ஊரில், எந்தப் புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள்.

சமையலறையில் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்த என் அம்மா சொன்னார் என்றேன். அவள் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை. எத்தனையோ கோப்புகளை மறந்துவிட்டேன். அந்த நீதவானை மட்டும் இன்றைக்கும் நினைத்தால் ஓடிப்போய் ரயில் ஏற வேண்டும் போல இருக்கிறது.

என் தொழில் என்னவென்று, பாரிசில் எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கும் லா சப்பலில் யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. "செத்த ஆக்களின்ரை சொந்தக்காரரைப் பிடிக்கிற வேலை" என்று மரக்கறிக் கடைத் தேவன் அண்ணை சொல்லுவார். அது கிட்டத்தட்டச் சரிதான். ஒருவர் இறந்துபோகிறார், உறவினர் யாரென்றே தெரியவில்லை என்றால், சொத்தைப் பொறுப்பெடுத்த நொத்தாரிசு எங்கள் கந்தோருக்கு எழுதுவார். நாங்கள் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, பாட்டன் பூட்டன் வரை போய், பிறகு வேறொரு கிளையால் கீழே இறங்கி உயிரோடு இருக்கும் ஒருவரின் கதவைத் தட்டுவோம். பிரெஞ்சுச் சட்டத்தில் பொதுவாக ஆறாம் படி உறவு வரைக்கும்தான் உரிமை. இருவருக்கும் பொதுவான பூட்டன் ஒருவர் இருந்தால் மூன்று படி ஏறி மூன்று படி இறங்கலாம். அதற்கு ஒரு படி தள்ளிப்போனாலும் எல்லாம் அரசாங்கத்துக்கு.

நான் இந்த வேலைக்குப் படித்து வரவில்லை. பேர்லின் வழியாக வந்தவர்களில் நானும் ஒருத்தி. பாரிசுக்கு வருவதற்கு முன் ஜெர்மனியில் ஓர் அகதி விடுதியில் மூன்று வருடம் இருந்ததில் மொழி ஒட்டிக்கொண்டது. இங்கே வந்து ஹோட்டலில் கட்டில் விரித்தேன், மாலையில் பிரெஞ்சு படித்தேன். ஜெர்மன் தெரிந்த ஆள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்து கார் து லெஸ்து ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கந்தோரின் படியேறினேன். அவ்வளவுதான் என் பயிற்சி. மிச்சத்தை முசியே பெரோலின் கண் கற்றுத் தந்தது.

முசியே பெரோல் கந்தோரின் முதலாளி. மெலிந்த மனிதர். எங்கள் வேலையைப் பார்வையிடும்போது ஒருபோதும் உட்கார மாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கந்தோரில் வளர்ந்த பூனையைக்கூட மரியாதைப் பன்மையில்தான் கூப்பிடுவார். அவர் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. வம்ச வரைபடத்தில் கேள்விப்பட்ட ஆட்களை, ஊகித்த ஆட்களை, கடிதத்தில் பெயர் வந்த ஆட்களை எல்லாம் பென்சிலால் எழுத வேண்டும். முத்திரை குத்திய அத்தாட்சி கைக்கு வந்த பிறகே அந்தப் பெயரை மையால் எழுதலாம். "அநேகமாக" என்ற சொல்லை யாராவது சொன்னால், அவர் கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். ஏசவே மாட்டார். ஏசினால் நல்லது என்று தோன்றும்.

நான் சேர்ந்து ஆறாவது வருடம் மத்மசெல் ஒதிலின் கோப்பு வந்தது. எண்பது வயது, திருமணம் செய்யாதவர். லா சப்பலில், ரூ பிலிப் து ஜிரார் என்ற தெருவில், மூன்றாம் மாடியில் இறந்துபோனார். விலாசத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கீழே புடவைக் கடை. அந்த வாசலை ஒவ்வொரு சனிக்கிழமையும் தாண்டிப் போகிறவள் நான். நீலத் துணிப்பையோடு தேவன் அண்ணையின் கடையில் நிற்கும் வெள்ளைக்கார மூதாட்டியைப் பல தடவை கண்டிருக்கிறேன். ஒரு நாள் வரிசையில் எனக்கு இடம்கூட விட்டார்.

தாய் வழியில் யாரும் மிஞ்சவில்லை. தந்தை வழியில் ஏறினோம். பாட்டனார் லூயி, லா சப்பல் ரயில் பட்டறையில் இயந்திரப் பொறியியலாளராக இருந்தவர், ஜெர்மனியிலிருந்து வந்தவர். ஜெர்மனி பல சிறு அரசுகளாகக் கிடந்த காலம் அது. அவருடைய திருமணப் பதிவில் பிறந்த ஊர் இல்லை, பிறந்த அரசின் பெயர் மட்டும்தான். பிறப்பு அத்தாட்சி எடுக்க முடியாததால், தெரிந்தவர்கள் ஏழு பேர் வந்து இவர் இன்ன தேதியில் இன்னாருக்குப் பிறந்தவர் என்று சத்தியக் கடதாசி கொடுத்திருந்தார்கள். நாங்களும் அப்படிக் கடதாசி கொடுத்து வந்தவர்கள்தானே. அதைப் பார்த்தவுடனேயே லூயி எனக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். தகப்பன் பெயர் கியோர்க், தொழில் நீதிபதி. தாயின் கன்னிப்பெயரும் இருந்தது.

அந்தக் குடும்பப் பெயரோடு அந்த அரசில் ஒரு பெரிய நீதிபதி இருந்தார். பிற்காலத்தில் நீதி மந்திரி. பெயரை இங்கே எழுத மாட்டேன், அது எங்கள் தொழிலின் ஒழுங்கு. நீதவான் என்றே சொல்கிறேன். அவருடைய வாழ்க்கையையும் குடும்பத்தையும் பற்றி மூத்த மகன் அச்சடித்த சிறு புத்தகம் ஒன்றை ஜெர்மன் நூலகமொன்றிலிருந்து பிரதி எடுப்பித்தோம். நான் அதை மெத்ரோவில் வாசித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, ஸ்டாலின்கிராட் என்ற நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். அப்படி ஒரு மனிதர். சின்ன ஊர் நீதிமன்றத்தில் தொடங்கி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை இடமாற்றம், ஒவ்வொரு ஊரிலும் ஒரு பிள்ளை. பிறகு புதிய அரசர் முடிசூடி, நாட்டின் அரசியலமைப்பு செல்லாது, அதிகாரிகள் எல்லாரும் எனக்கே சத்தியம் செய்ய வேண்டும் என்றார். இவர் ஏற்கெனவே சட்டத்துக்குச் செய்த சத்தியம் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆசனத்தை விட்டு எழும்பிவிட்டார். வேலை போனது, சம்பளம் போனது. சில வருடம் கழித்துத் திரும்ப அழைத்தார்கள். மேல் நீதிமன்றம், சட்ட ஆணைக்குழு, கடைசியில் மந்திரி. வழக்குகளை மூடிய கதவுக்குள் விசாரிக்கக் கூடாது, சனங்கள் பார்க்க விசாரிக்க வேண்டும் என்ற சட்டத்தை எழுதியவர்களில் ஒருவர்.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் ஆறு பேர். லூயியும் இல்லை, அதன் ஜெர்மன் வடிவமான லூட்விக்கும் இல்லை.

நீதவானின் கடைசி மகளின் பேத்தி உயிரோடு இருந்தார். பெயர் இர்ம்கார்ட். ஓய்வுபெற்ற மருத்துவச்சி, எழுபத்தைந்து வயது, தனி ஆள். லூயி நீதவானின் மகன் என்றால் இர்ம்கார்டும் ஒதிலும் சரியாக ஆறாம் படி உறவு. மகன் இல்லையென்றால் அந்நியர்கள். இர்ம்கார்ட் எங்களுக்கு எழுதிய பதில் இரண்டு வரி: "எங்கள் குடும்பத்தில் பிள்ளைகள் ஆறு பேர். பாரிசில் எங்களுக்கு ஒருவரும் இருந்ததில்லை."

நாலு மாதம் தேடினோம். நீதவான் வேலை பார்த்த ஒவ்வொரு ஊருக்கும் எழுதி, அங்குள்ள புரொட்டஸ்தாந்துக் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவுகளைப் பார்த்தோம். ஆறு பிள்ளைகளும் அந்தந்த ஊரில் அழகாகக் கிடைத்தார்கள். லூட்விக் எங்கும் இல்லை. நொத்தாரிசு வெள்ளிக்கிழமையைக் கடைசி நாளாகக் குறித்தார். அதற்குள் அத்தாட்சி வராவிட்டால் வாரிசு இல்லை என்று எழுதி அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிடுவார். முசியே பெரோல் என் மேசைக்கு வந்து, வரைபடத்தில் பென்சிலில் கிடந்த லூட்விக்கைப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றவே இல்லை.

"நல்ல கதை, மேடம். ஆனால் கதை," என்றார்.

அன்று வெள்ளி, கெடுவுக்குச் சரியாக ஒரு கிழமை. ஞாயிறன்று பாரிசுக்கு வெளியே ஸ்தேனில் எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தோம். திரான்சியிலிருந்து தம்பி அன்ரன் வந்திருந்தான். அவனுக்குக் கோவிலில் கல்யாணம் எழுத ஞானஸ்நான அத்தாட்சி தேவைப்பட்டது. எங்கள் அப்பா நீதிமன்றத்தில் கிளாக்கர். மன்னார், பதுளை, வவுனியா, திருகோணமலை என்று மாற்றலாகிப் போன ஊரெல்லாம் ஒவ்வொரு பிள்ளை பிறந்தது. அன்ரன் வவுனியாப் பிள்ளை என்று நானே வவுனியாக் கோவிலுக்கு எழுதியிருந்தேன். அப்படி ஒரு பிள்ளை தங்கள் புத்தகத்தில் இல்லை என்று பதில் வந்திருந்தது. வாரிசு தேடுகிற அக்காவுக்குச் சொந்தத் தம்பியைத் தேட முடியவில்லை என்று அவன் நக்கலடித்துக்கொண்டிருந்தான்.

அம்மா முருங்கைக்காயிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "வவுனியாவிலை எங்கை தேடுறாய்? அவன் இளவாலையிலை எல்லே பிறந்தவன்."

நான் அப்பா இளவாலையில் வேலை செய்யவே இல்லையே என்றேன்.

"வேலை இருந்தாத்தானே பிள்ளை? ஸ்ட்ரைக் பண்ணினதெண்டு உன்ரை கொப்பரை ஒண்டரை வருசம் நிப்பாட்டி வைச்சவங்கள். குவாட்டர்சையும் விடச் சொல்லிப்போட்டாங்கள். பிள்ளைத்தாச்சியா நான் எங்கை போவன்? என்ரை அம்மா வீட்டை தான்."

நான் எழும்பியதில் தண்ணீர்க் குவளை சரிந்தது. அன்ரன் பதறிப்போய் என்ன அக்கா என்றான். நான் அறைக்குள் ஓடி, பையிலிருந்து அந்தச் சிறு புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். எத்தனை தடவை பார்த்த பக்கம். முதல் மூன்று பிள்ளைகளுக்கும் இடையில் இரண்டிரண்டு வருடம். கடைசி மூன்றுக்கும் அப்படியே. நடுவில் மட்டும் ஐந்து வருடம் ஒன்றுமே இல்லை. அந்த ஐந்து வருடத்துக்குள்தான் நீதவான் வேலையில்லாமல் இருந்தார். லூயியின் சத்தியக் கடதாசியில் இருந்த பிறந்த தேதியும் அதற்குள்தான் விழுந்தது. நாங்கள் அவர் வேலை பார்த்த ஊர்களில் மட்டும் தேடியிருக்கிறோம். வேலை இல்லாத மனிதனின் பிள்ளையை அவன் வேலை பார்த்த ஊரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

நீதவானின் மனைவி எந்த ஊர்? புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியில் இருந்தது. தெற்கே மலையோரத்தில் ஒரு சிறு நகரம், தகப்பன் துணி வியாபாரி. தேசப்படத்தை விரித்து அந்தப் பகுதியைப் பற்றி வாசித்தேன். சுற்றிவர புரொட்டஸ்தாந்து நாடு, நடுவில் அந்த ஊர் மட்டும் கத்தோலிக்க ஊர். எங்களில் ஒருவரும் கத்தோலிக்கப் பதிவைத் திறந்தே பார்த்திருக்கவில்லை.

திங்கள் காலை முசியே பெரோலிடம் சொன்னேன். அம்மா சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் இரண்டு நாள் தருகிறேன், போய் வாருங்கள் என்றார்.

அந்த ஊரின் பழைய பதிவுகள் மறைமாவட்டத்தின் ஆவணக் காப்பகத்தில் இருந்தன. புதன்கிழமை காலை அங்கே போய் நின்றேன். பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிடுவோம் என்றார் காப்பாளர். வயதான குருவானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். நடைமுறை எனக்கு மனப்பாடம். விண்ணப்பத்தில் கையெழுத்து, பேனாவை வாசலில் கொடுத்துவிடுதல், பென்சிலும் வெள்ளைத்தாளும் மட்டும், புத்தகத்தைப் பஞ்சுத் தலையணையில் வைத்துத் திறத்தல், வரியை விரலால் தொடாமல் தாளின் விளிம்பால் பிடித்துக்கொண்டு இறங்குதல். எல்லாம் லத்தீன். பழைய மிஷன் சுவாமிமார் எங்கள் ஊர்க் கோவிலில் எழுதி வைத்த புத்தகங்களும் அதே ஒழுங்கில்தான் இருக்கும்: பிள்ளை, தகப்பன், தாய், ஞானத்தகப்பன், ஞானத்தாய். அந்தக் கட்டங்களுக்குள் என் கண் தானாக நடந்தது.

பதினொன்றரைக்கு 'லுடோவிக்குஸ்' என்று ஒரு பெயர். லூட்விக்கின் லத்தீன் வடிவம். தாளை ஒரு விரற்கடை இறக்கினேன். தகப்பன் கியோர்க்குக்கும் லத்தீன் உடுப்பு. குடும்பப் பெயர் சரி. அதற்குப் பக்கத்தில் பங்குச் சுவாமியார் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்: கத்தோலிக்கர் அல்லாதவர், 'ஒலிம் யூடெக்ஸ்'. ஒரு காலத்தில் நீதிபதி.

அந்த 'ஒலிம்' என்ற சொல்லை இப்போது எழுதும்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. மாமனார் வீட்டில், வேலையற்ற மருமகனாக, வேறு சமயத்துக் கோவிலில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் மனிதர். தொழில் என்ன என்று சுவாமியார் கேட்டிருப்பார். அவர் என்ன சொல்லியிருப்பார்?

குருவானவரைக் கூப்பிட்டேன். மணி பதினொன்று ஐம்பது. அவர் நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். தானே உட்கார்ந்து பிரதி எழுதி, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்துத் தந்தார். அன்றைக்கு அந்த வாசல் பன்னிரண்டரைக்குத்தான் பூட்டியது.

தெருமுனைத் தொலைபேசியிலிருந்து முசியே பெரோலை அழைத்தேன். அவர் வாழ்த்தவில்லை, கேள்வி கேட்டார். நாள்? பாரிசில் சத்தியம் பண்ணிய நாளேதான். மாதம்? அதே. தாயின் கன்னிப்பெயர்? எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். பாரிஸ் பதிவில் ஒரு எழுத்து குறைவாயிற்றே என்றார். அது பிரெஞ்சு எழுத்தர் காதால் கேட்டு எழுதியது, ஜெர்மனில் அந்த எழுத்துக்கு ஒலி இல்லை என்றேன். காசு முடியப்போகிறது என்று தொலைபேசி விட்டுவிட்டுக் கத்தியது.

"மேடம் ரெஜினா," என்றார், "மையால் எழுதுங்கள்."

நடுத்தெருவில், தெரியாத ஊரில், நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன். இரண்டு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கோப்பு நொத்தாரிசின் மேசையில் இருந்தது. அடுத்த மாதம் இர்ம்கார்ட் பாரிசுக்கு வந்தார். உயரமான, நேரான முதுகுள்ள மனுஷி. நானும் முசியே பெரோலும் அவரை ரூ பிலிப் து ஜிராருக்குக் கூட்டிப்போனோம். அந்த நாலாவது பிள்ளை ஏன் புத்தகத்தில் இல்லை என்பது அதற்குள் ஓரளவு தெரிந்திருந்தது. பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் சண்டை மூண்டபோது மூத்த மகன் பாரிசை முற்றுகையிட்ட படையில் அதிகாரி. தம்பி லூயி பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு முற்றுகைக்கு உள்ளே இருந்தார். தகப்பன் இறந்த பிறகு புத்தகத்தை எழுதியவர் அந்த அண்ணன்தான். மகனின் பெயரை வெட்டியதில் நீதவானுக்கும் பங்கு இருந்ததா என்று நான் பிறகும் தேடினேன். கிடைக்கவில்லை. இல்லாததை நான் எழுத மாட்டேன்.

வீட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. சுவரில் லூயியின் படம், ரயில் இயந்திரத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இர்ம்கார்ட் புத்தகத்தைத் திறந்து நீதவானின் படத்தை அதற்குப் பக்கத்தில் பிடித்தார். அதே நெற்றி, ஒரு பக்கம் சாய்ந்த அதே வாய். கீழே இறங்கியபோது ஒதில் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். எனக்கு அத்தாட்சிகள்தான் தெரியும். அதனால் தேவன் அண்ணையின் கடைக்குக் கூட்டிப்போனேன்.

"ஓம், அந்த மேடம்," என்றார் தேவன் அண்ணை. "ஞாயிறிலை ரெண்டு வாழைப்பழம் வாங்குவா. ஒண்டு தனக்கு, மற்றது ஆரும் வந்தாக் குடுக்கிறதுக்கெண்டு சொல்லுவா. ஒருத்தரும் வந்ததை நான் காணேல்லை."

நான் ஜெர்மனில் சொன்னேன். இர்ம்கார்ட் வாழைக்குலையைப் பார்த்தபடி நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்: "நானும் ஒருவரும் இல்லை என்றுதான் இருந்தேன். ரயிலில் ஒரு பகல் தூரம். போன வருடமே ஏன் நீங்கள் என் கதவைத் தட்டவில்லை?"

முசியே பெரோலுக்கு அதை மொழிபெயர்த்தேன். அவர் கடை வாசலில் இருந்த வெங்காயப் பெட்டியில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். "ஒருவர் இறந்த பிறகுதான், மேடம், எங்களைக் கூப்பிடுகிறார்கள்," என்றார்.

அதன் பிறகு இருபது வருடம் வேலை செய்தேன். நல்ல கோப்புகள், நல்ல வெற்றிகள். அந்தக் கேள்விக்கு மட்டும் கந்தோரில் இடம் இருக்கவில்லை. ஓய்வு பெற்ற கிழமையே தேவன் அண்ணையிடம் போய், சனிக்கிழமை காலைகளில் கடையின் பின்னறையைத் தர முடியுமா என்று கேட்டேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேசை, இரண்டு கதிரை. உயிரோடு இருப்பவர்களைத் தேடுகிறவர்கள் வரலாம் என்று கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினோம்.

முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. பிறகு திரான்சியிலிருந்து கணேசலிங்கம் அண்ணை வந்தார். இடப்பெயர்வில் அக்காவைத் தவறவிட்டவர். கடலில் போய்விட்டா என்று ஊரில் சொல்லி, வீட்டில் படத்துக்கு மாலையும் போட்டிருந்தார்கள். ஏழு கிழமை தேடினேன். பள்ளிக்கூடப் பதிவு, படகு இறங்கிய கரையில் எழுதிய பட்டியல், ஒரு தபால்காரர், ஒரு ரேஷன் கடைக்காரர் என்று போய், திருச்சிப் பக்கத்து முகாம் ஒன்றில் ஒரு வீட்டு இலக்கம் கிடைத்தது.

போன சனிக்கிழமை அந்த மேசையில் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்தோம். படம் தெளிந்தபோது நரைத்த தலையோடு ஒரு அம்மா திரைக்கு மிகக் கிட்ட முகத்தை வைத்திருந்தார். கணேசலிங்கம் அண்ணையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கித் திரும்பவும் பார்த்தார்.

"எங்கையடா இருந்தனி இவ்வளவு காலமும்?"

அறுபத்தெட்டு வயது மனிதர், தோள் குலுங்க, தொலைபேசியை என் கையில் திணித்துவிட்டு மூட்டையில் சாய்ந்துவிட்டார். திரையில் இப்போது நான். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள் ஆற்றை பிள்ளை?"

யாருடைய பிள்ளை என்ற இந்தக் கேள்வியை நான் எத்தனையோ இறந்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். என்னிடம் கேட்டு வெகு காலமாகிவிட்டது. அப்பாவின் பெயரைச் சொன்னேன். நீதிமன்றத்தில் கிளாக்கராக இருந்தவர் என்றேன். மன்னார், பதுளை, வவுனியா, திருகோணமலை, அம்மாவின் ஊர் இளவாலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் குறுக்கிடாமல் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார்.

"சரி பிள்ளை," என்றார். "இனி அவனிட்டைக் குடுங்கோ. நான் இன்னும் ஏசி முடிக்கேல்லை."